தாய்ப்பாலும் தொற்றும்: மார்பகப் புற்றுநோயின் வைரஸ் கருதுகோள், பம்பாய் 1971 முதல் இராமநாதபுரக் கடற்கரை வரை

ஆய்வுச்சுருக்கம்

மார்பகப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணமாகலாம் என்ற கருதுகோள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எலிகளை வைத்து உருவானது. 1971இல் அது பம்பாயின் பார்சிப் பெண்களுடைய தாய்ப்பாலைச் சோதிக்கும் அளவுக்கு வந்தது. அந்த ஆய்வு எழுந்த சூழலையும் அதன் பின்விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ‘தொற்று’ என்னும் சொல்லுக்கு நிர்வாக வரலாறு ஒன்றை உடைய தனுஷ்கோடி–மண்டபம் கடற்கரையைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு, ‘நோய்க்கு வைரஸ் காரணம்’ என்பதும் ‘நோய் தொற்றும்’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதையும், அவ்வேறுபாடு மங்கியபோது ஐயத்தின் சுமை தாய்ப்பாலின்மேல் விழுந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், வைரஸ் கருதுகோள், தாய்ப்பால், பார்சிச் சமூகம், மண்டபம் முகாம், தமிழ்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடு

1. கடல்வாயிலில் தொற்று

1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு இருப்புப்பாதையோடு இணைந்த கப்பல் போக்குவரத்து தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் அதன்பின் இவ்வழியே கடல் கடந்தனர். அவர்கள் கப்பலேறுமுன் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடைக் காப்பு முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர். உடல் சோதனை, ஆடைகளுக்குக் கிருமிநீக்கம், அம்மைப்பால் குத்துதல் ஆகியவை அங்கு நடைமுறையில் இருந்தன. முகாம் மறைந்த பின்னும் அதன் பெயர் மறையவில்லை. ‘மண்டபம் முகாம்’ என்ற பெயரில் இரயில் நிலையம் இன்றும் உள்ளது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் தொடக்கக் காலத்தில் இயங்கியதும் இதே மண்டபம் முகாமில்தான்.

அந்த முகாம் அஞ்சிய நோய்கள் கொள்ளைநோய், வாந்திபேதி, பெரியம்மை ஆகியன. இவை சில நாட்களில் வெளிப்படுபவை. ஒரு மனிதரைக் குறிப்பிட்ட நாட்கள் தடுத்துவைத்தால் அவர் நோயைச் சுமக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும் என்ற கணக்கின்மேல்தான் முகாம் நின்றது. தொற்று யாரிடம் தேடப்பட்டது என்பதும் கவனத்திற்குரியது. தோட்டத் தொழிலாளருக்கும் உயர்வகுப்புப் பயணிகளுக்கும் நடைமுறை ஒன்றாக இருக்கவில்லை. ஆகவே இக்கடற்கரையில் ‘தொற்று’ என்பது மருத்துவச் சொல்லாக மட்டும் இருந்ததில்லை. யாரை நிறுத்திவைப்பது, யாரை உடனே செல்லவிடுவது என்பதைத் தீர்மானித்த சொல்லாகவும் அது இருந்தது.

புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் இயலாது. பல பத்தாண்டுகள் உடலுக்குள் உறைந்திருந்து பின்னர் வெளிப்படும் நோயைச் சில நாள் காவல் எதைக்கொண்டு கண்டறியும்? ஆனால் மண்டபத்தில் தொழிலாளர் வரிசையில் நின்ற அதே காலத்தில்தான் புற்றுநோயும் ஒருவகைத் தொற்றாக இருக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்க ஆய்வகங்களில் வளரத் தொடங்கியது.

2. எலியின் பால்

1911இல் பெய்ட்டன் ரவுஸ் கோழியின் கட்டியொன்றை அரைத்து, உயிரணுக்கள் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிகளுக்குச் செலுத்திக் கட்டியை உண்டாக்கினார். அதற்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது 1966இல்தான். இந்த ஐம்பத்தைந்து ஆண்டு இடைவெளியே அக்கருத்துக்கு இருந்த எதிர்ப்பை உணர்த்தப் போதுமானது.

மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை திருப்புமுனை 1936இல் வந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் சில எலி இனங்களில் இந்நோய் தாய்வழியே மிகுதியாகத் தொடர்ந்தது. அது மரபணு வழியே வருகிறது என்றால் தந்தைவழியும் அதே அளவில் வரவேண்டும், அப்படி வரவில்லை. ஜான் பிட்னர் ஓர் எளிய சோதனையைச் செய்தார். நோய் மிகுந்த இனத்தின் குட்டிகளைப் பிறந்தவுடன் பிரித்து, நோய் குறைந்த இனத்தின் தாய்களிடம் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகளுக்குப் பிற்காலத்தில் நோய் வெகுவாகக் குறைந்தது. நோயைக் கடத்தியது கருப்பை அன்று, பால் என்று அச்சோதனை காட்டியது. பிட்னர் அதை வைரஸ் என்று உடனே பெயரிடவில்லை. ‘பாலின் தாக்கம்’ என்றே எழுதினார். வைரஸ் என்ற சொல் அன்றைய புற்றுநோய் ஆய்வுலகில் ஐயத்தோடு பார்க்கப்பட்ட சொல். பின்னாளில் மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகு, அந்தப் பாலில் இருந்தது எலி மார்பகக் கட்டி வைரஸ் என்று உறுதியாயிற்று.

எலியில் நிறுவப்பட்டது முழுமையான சங்கிலி: தாய், பால், குட்டி, கட்டி. இந்தச் சங்கிலியின் அழகே அதன் ஆபத்தும் ஆயிற்று. மனித நோய்க்கு விளக்கம் தேடியவர்கள் வைரஸை மட்டும் தேடவில்லை. பாலோடு சேர்த்தே தேடினர்.

3. பம்பாய், 1971

1960களின் இறுதியில் சூழல் மாறியிருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வைரஸ்–புற்றுநோய் ஆய்வுக்கெனத் தனித் திட்டத்தை நடத்திவந்தது. 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே எதிர்ப்படியாக்க நொதியைக் கண்டறிந்தனர். ஆர்என்ஏ வைரஸ் ஒன்று தன்னை டிஎன்ஏவாக மாற்றி ஓம்புயிரின் மரபுத்தொகுதிக்குள் அமர்ந்துகொள்ளும் வழி அதனால் விளங்கியது. 1971 டிசம்பரில் அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் கையொப்பமாயிற்று. வைரஸைக் கண்டுபிடித்தால் தடுப்பூசி செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில் பரவலாக இருந்தது.

நியூஜெர்சியின் கேம்டனில் இருந்த டான் மூரின் குழு மனிதத் தாய்ப்பாலில் எலி வைரஸை ஒத்த துகள்களைத் தேடிக்கொண்டிருந்தது. தேடுவதற்கு நோய் மிகுந்த, தனித்த மக்கட்குழு ஒன்று தேவைப்பட்டது. பிட்னருக்கு உள்ளினப்பெருக்க எலிகள் இருந்தன. மனிதரிடையே அதற்கு நெருக்கமாக ஆய்வாளர்கள் கருதியது தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் சிறு சமூகங்களை. பம்பாயின் பார்சிச் சமூகம் அப்படித்தான் அவர்கள் பார்வைக்கு வந்தது.

இத்தேர்வுக்கு இந்திய அடித்தளம் இருந்தது. 1941இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையின் பதிவுகளைக் கொண்டு வ. ரா. கனோல்கர் இந்தியச் சமூகங்களிடையே புற்றுநோய் வேறுபடுவதை முன்னரே ஆராய்ந்திருந்தார். பம்பாயின் ஏனைய பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று மிகுந்திருக்க, பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்று மேலோங்கியிருந்தது. 1963இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் நிறுவிய பம்பாய்ப் பதிவேடு இதனை மக்கள்தொகை அளவில் காண வழிசெய்தது. 1970இல் பேமாஸ்டரும் கங்காதரனும் பார்சிச் சமூகத்தின் புற்றுநோய் நிலையைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டனர்.

1971இல் ‘நேச்சர்’ இதழில் மனித மார்பகப் புற்றுநோய் வைரஸைத் தேடுவது பற்றிய கட்டுரை வெளிவந்தது. மூரோடு பம்பாயின் சத்தியவதி சிர்சாட், பேமாஸ்டர் முதலியோரும் அதன் ஆசிரியர்கள். சிர்சாட் இந்தியாவில் மின்னணு நுண்ணோக்கியைப் புற்றுநோய் ஆய்வுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். ஆகவே இதனை வெளிநாட்டார் வந்து மாதிரி எடுத்துச் சென்ற கதையாக மட்டும் எழுதுவது பிழை. இந்திய அறிவியலாளர் அதில் இணை உழைப்பாளர். குடும்பத்தில் நோய்வரலாறு இல்லாத அமெரிக்கப் பெண்களின் பாலைவிட, நோய்வரலாறு உடைய அமெரிக்கப் பெண்களின் பாலிலும் பார்சிப் பெண்களின் பாலிலும் எலி வைரஸை ஒத்த துகள்கள் மிகுதியாகக் காணப்பட்டன என்பது அக்கட்டுரையின் முடிவு.

பால் தந்தவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதை இங்கு நிறுத்திச் சொல்லவேண்டும். அவர்கள் கைக்குழந்தை உடைய, நலமுடன் இருந்த இளந்தாய்மார். ஒரு தாயின் பாலில் துகள் இருந்ததால் அவருக்கோ அவர் மகளுக்கோ பின்னாளில் நோய் வருமா என்பதை ஒருமுறை எடுத்த மாதிரி சொல்ல இயலாது. ஆயினும் ஆய்வின் தர்க்கம் நேராக அந்த இடத்தையே சுட்டியது. குடும்பத்தில் நோய் இருந்தால் மகளுக்குப் பால் கொடுக்கலாமா என்னும் கேள்வி அன்றைய மருத்துவ இதழ்களிலேயே எழுந்துவிட்டது.

4. ஐயம் தளர்ந்த விதம்

பதிலும் விரைவில் வந்தது, பெரும்பாலும் நோய்ப்பரவியலாளரிடமிருந்து. அமெரிக்காவில் தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வெகுவாகக் குறைந்தது. பால்தான் கடத்தி என்றால், புட்டிப்பால் குடித்து வளர்ந்த தலைமுறையில் நோய் குறைந்திருக்கவேண்டும், குறையவில்லை. 1971ஆம் ஆண்டிலேயே ஃப்ராமெனியும் மில்லரும் ‘லான்செட்’ இதழில் இதைச் சுட்டினர். அடுத்த வாதம் இன்னும் எளியது. தாயின் சகோதரிக்கு நோய் இருந்தால் ஏற்படும் இடர், தந்தையின் சகோதரிக்கு நோய் இருந்தாலும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. தந்தைவழி நோய் பாலில் வருவதற்கு வழியில்லை. பிட்னர் எலிகளில் பயன்படுத்திய அதே ஒப்பீடு மனிதரிடம் எதிர்விடையைத் தந்தது என்பது இவ்வரலாற்றின் முக்கியமான இடம். அதற்கு உரிய கவனம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆய்வகத்திலும் பிடி தளர்ந்தது. மனிதப் பாலில் உள்ள நொதிகள் எலி வைரஸைச் சிதைக்கக்கூடியவை என்று தெரியவந்தது. மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் உருண்டைத் துகள்கள் எல்லாம் வைரஸ் ஆகா என்பதும் ஏற்கப்பட்டது. மனித மரபுத்தொகுதிக்குள்ளேயே தொன்மையான ரெட்ரோவைரஸ்களின் எச்சங்கள் உள்ளன. அவற்றுட் சில எலி மார்பகக் கட்டி வைரஸுக்கு உறவுடையவை. 1972இல் ஸ்பீகல்மன் குழுவினர் மனிதக் கட்டிகளில் கண்ட ஆர்என்ஏ ஒப்புமை போன்ற முடிவுகளை விளக்குவதில் இந்த உள்ளுறை எச்சங்களைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க இயலாமற் போயிற்று. வெளியிலிருந்து தொற்றியது எது, தலைமுறைகளாக உள்ளேயே இருந்தது எது என்று பிரித்தறிவது கடினம்.

பார்சிப் பெண்களின் நோய் மிகுதிக்கு விளக்கம் வேறு திசையிலிருந்து கிடைத்தது. இச்சமூகத்தில் பெண்கள் நெடுங்காலமாகவே தாமதமாக மணந்தனர். மணமே செய்துகொள்ளாதவர்களும் கணிசமாக இருந்தனர், குழந்தைகளும் குறைவு. முதற்பேற்றின் வயது தாழத்தாழ மார்பகப் புற்றின் இடர் குறைகிறது என்பதை மக்மகோன் தலைமையிலான பன்னாட்டு ஆய்வு 1970இல் காட்டியிருந்தது. பார்சிப் பெண்ணின் உடலில் வைரஸைத் தேடியவர்கள் தேடலைத் தொடங்கிய காலத்திலேயே, அப்பெண்ணின் வாழ்க்கைமுறையில் விடையின் பெரும்பகுதியைக் காண வாய்ப்பிருந்தது.

5. மூடப்படாத கோப்பு

இதனால் வைரஸ் கருதுகோள் பொய்யென முடிந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் சான்றை மீறிய கூற்றாகும். 1995இல் நியூயார்க்கில் வாங், ஹாலந்து, போகோ ஆகியோர் 314 மார்பகப் புற்றுத் திசுக்களை ஆராய்ந்து, 38.5 விழுக்காட்டில் எலி வைரஸின் மரபணுத் துண்டை ஒத்த வரிசையைக் கண்டதாக அறிவித்தனர். சில நாடுகளின் ஆய்வகங்கள் இதனை ஆமோதித்தன; பிரிட்டன் உள்ளிட்ட வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் எதுவும் காணவில்லை. நுண்ணளவு டிஎன்ஏவைப் பெருக்கும் முறையில் ஆய்வகத்து எலியின் டிஎன்ஏ கலந்துவிடும் வாய்ப்பும் விவாதிக்கப்பட்டது. வீட்டெலியின் ஒரு குறிப்பிட்ட இனம் பரவியுள்ள நாடுகளில் மார்பகப் புற்று மிகுதி என்று 2000இல் ஒரு கட்டுரை வாதிட்டது. கொள்ளைநோய்க்கு எலியைத் தேடிய காலத்தை இது நினைவூட்டுகிறது. ஆனால் அந்நாடுகளே செல்வநிலையிலும் மகப்பேற்று வழக்கத்திலும் ஒத்தவை என்பதால் அவ்வாதம் வலுவற்றது.

1990களில் மனிதப் பாப்பிலோமா வைரஸும் எப்ஸ்டைன்–பார் வைரஸும் மார்பகக் கட்டிகளில் தேடப்பட்டன. முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. 2015இல் கலிஃபோர்னியாவின் பியூரிங் குழுவினர் மாட்டு இரத்தப்புற்று வைரஸின் டிஎன்ஏவை நோயுற்ற பெண்களின் திசுக்களில் 59 விழுக்காட்டிலும் நோயற்றோரிடம் 29 விழுக்காட்டிலும் கண்டதாக எழுதினர். கட்டிகளின் முழு மரபுத்தொகுதி வரிசைகளில் தேடிய மற்றொரு குழுவுக்கு அவ்வைரஸ் அறவே கிட்டவில்லை. இங்கும் பால் வந்துவிட்டது, இம்முறை பசுவின் பால். காய்ச்சிய பாலில் அவ்வைரஸ் உயிர்த்திருப்பதில்லை என்பதால், பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காத நம் வீடுகளுக்கு அந்த வாதம் அப்படியே பொருந்தாது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் வெளியிட்ட உயிரியற் காரணிகள் பற்றிய தொகுதியில், எந்த வைரஸும் மார்பகப் புற்றுக்குப் போதிய சான்றுடைய காரணமாக ஏற்கப்படவில்லை.

6. இரு புற்றுகள், இரு வரலாறுகள்

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு வேறொரு முகம் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்த முயற்சி, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. அங்கு 1980களின் தொடக்கத்தில் சென்னை மக்கள்தொகைப் பதிவேடு தொடங்கியபோது, பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. பின்னர் அது தொடர்ந்து குறைய, மார்பகப் புற்று உயர்ந்து 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் முதலிடத்தைப் பிடித்தது. இரு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் சென்று ஒன்றையொன்று வெட்டின.

கருப்பைவாய்ப் புற்றுக்கு வைரஸ் காரணம் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஹரால்ட் சூர் ஹாசன் 1983இல் பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையை அக்கட்டிகளில் கண்டார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். தமிழ்நாட்டின் பங்களிப்பும் இதில் சிறிதன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வில், அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தறியும் எளிய முறையில் 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டனர். ஒப்பீட்டுப் பகுதியைவிட அங்கு நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ வெளியிட்டது. காரணம் வைரஸ் என்று தெரிந்தும், யாரையும் பிரித்துவைக்காமல், செவிலியர் ஊருக்கே சென்று நோயைத் தடுத்த முறை இது. மண்டபம் முகாமின் முறைக்கு நேர் எதிரானது.

மார்பகப் புற்றில் தமிழ்நாட்டுச் சான்று வேறு வகையானது. கஜலட்சுமியும் வி. சாந்தாவும் சென்னையில் செய்த நோயாளி–ஒப்பாளர் ஆய்வு 1991இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக 2002 முதல் 2005 வரை சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் விரிந்த ஆய்வு நடந்தது. நோயுற்ற 1,866 பெண்களிடமும் நோயற்ற 1,873 பெண்களிடமும் எத்தனை குழந்தைகள், ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு காலம் பால் கொடுத்தீர்கள் என்று கேட்கப்பட்டது. வாழ்நாளில் பாலூட்டிய மாதங்கள் கூடக்கூட, மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்களிடம் நோயின் இடர் குறைந்தது. 2002இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வும் இதையே சொல்லியிருந்தது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்தபோது, பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்திற்கும் இடர் 4.3 விழுக்காடு குறைந்தது. பம்பாயில் நோயைக் கடத்துவதாக ஐயுறப்பட்ட அதே பாலூட்டல், முப்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் காப்பாகக் கணக்கிடப்பட்டது.

7. மீண்டும் கடற்கரைக்கு

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தொழிலாளர் வரிசைகள் நின்ற மண்டபத்தில் பின்னர் இலங்கையிலிருந்து திரும்பியோரும் ஏதிலிகளும் தங்கினர். இன்று இராமநாதபுரம் மாவட்டம் தமிழ்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்திற்குள் இருக்கிறது. 2022 முதல் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. அதுவரை இத்தகைய நோய்க்கு மதுரைக்கோ சென்னைக்கோ போகவேண்டியிருந்த தொலைவு ஓரளவு குறைந்திருக்கிறது.

2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமியருக்குப் பாப்பிலோமா வைரஸ் தடுப்பூசியைப் படிப்படியாக வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அத்தடுப்பூசி ஒரு கடலோரப் பள்ளிக்கு வரும்போது ‘புற்றுநோய்க் கிருமிக்கு ஊசி’ என்ற சொற்றொடரோடு வந்தால், அடுத்த கேள்வி எளிதில் யூகிக்கத்தக்கது: கிருமியால் வருவது என்றால் தொட்டால் ஒட்டுமா, ஒரே பாத்திரத்தில் உண்ணலாமா, கட்டியுள்ள தாயின் பாலைப் பிள்ளை குடிக்கலாமா? மார்பகக் கட்டியை மறைத்துவைக்கும் பெண்ணுக்கு இக்கேள்விகள் மேலும் ஒரு காரணத்தைக் கொடுக்கும். தொற்று என்றால் நிறுத்திவைக்கப்படுவது என்ற பொருளை நேரில் கண்ட கடற்கரை இது.

தமிழில் ‘தொற்று’, ‘தொற்றுநோய்’ என்னும் இரண்டும் பேச்சில் ஒன்றாகவே வழங்குகின்றன. ஒரு வைரஸ் உயிரணுவுக்குள் புகுவது முதலாவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நோய் பரவுவது இரண்டாவது. பாப்பிலோமா வைரஸ் உடலுறவு வழியே பரவுகிறது, ஆனால் கருப்பைவாய்ப் புற்று ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் பரவுவதில்லை. மார்பகப் புற்றுக்கு நாளை ஒரு வைரஸ் உறுதியாகக் கண்டறியப்பட்டாலும் இதுவே பொருந்தும். பாடநூல்களும் நலவாழ்வுத் துண்டறிக்கைகளும் ‘வைரஸ் தொற்று’, ‘பரவும் நோய்’ என்று இரு தொடர்களை வேறுபடுத்தி ஆளத் தொடங்கினால், தடுப்பூசி போட வரும் செவிலியர் இக்கேள்விகளுக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்லலாம்.